இலங்கையின் வரலாற்றுப் பாடநூலில் "நாம்" என்பது யார்?

கேள்வி: தரம் 10இல் படிக்கும் என் மகளின் வரலாற்றுப் பாடநூலை அண்மையில் முழுதாக வாசித்தேன். விகாரைகளும் தாதுகோபங்களும் சிங்கள மன்னர்களுமே நூலை நிறைத்திருக்கின்றனர். தமிழரும் சைவமும் பெரும்பாலும் படையெடுப்புகள் பற்றிய பகுதிகளிலேயே தலைகாட்டுகின்றனர். இது திட்டமிட்ட மறைப்பா? இதைப் பற்றி மகளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்:

தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் கண்டது சரியானதுதான். ஆனால் பக்கங்களை எண்ணித் தமிழருக்கு எத்தனை, சிங்களவருக்கு எத்தனை என்று கணக்கிடுவதோடு நாம் நின்றுவிட்டால், அந்த நூலின் அடித்தளத்தில் இருக்கும் கோளாறு நம் கண்ணுக்குத் தப்பிவிடும். இன்று நாம் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்றும் பௌத்தர், சைவர், கிறிஸ்தவர் என்றும் பிரிந்து நிற்கும் கோடுகளை அந்த நூல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதர்கள் மீதும் அப்படியே இழுத்துவிடுகிறது. இனமும் மதமும் எப்போதும் ஒன்றாகவே இருந்தன என்றும், அந்த மதத்தைக் காத்தவர்களே நாட்டைக் காத்தவர்கள் என்றும் ஒரு பிள்ளை அதிலிருந்து விளங்கிக்கொள்கிறது. தமிழருக்கு இன்னும் 20 பக்கங்கள் சேர்த்தாலும் இந்தக் கோடு அழியப்போவதில்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியில் இருப்போர் பலருக்கு இது தெரியாது. இலங்கையில் தரம் 6 முதல் 11 வரை எல்லா மாணவரும் வரலாற்றைக் கட்டாயப் பாடமாகப் படிக்கின்றனர், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் அது கட்டாயம். பாடத்திட்டத்தை மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுக்கிறது. நூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு இலவசமாக வழங்குகிறது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வரலாறு சமூகக்கல்வி என்ற பாடத்துக்குள் கரைக்கப்பட்டு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகே மீண்டும் தனிப்பாடமாக வந்தது. நூல்கள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், மூலநூலாசிரியர் தன் வாசகனாக ஒரு சிங்கள பௌத்தப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய "நாம்", "எமது" என்ற சொற்களை அவரால் மாற்ற இயலாது.

ஒருமுறை என் வகுப்பில் ஒரு மாணவி, பண்டைச் சிங்கள மன்னன் துட்டகைமுனுவைப் பற்றிய விடையில் "எமது மன்னன்" என்று எழுதி, பிறகு "எமது" என்ற சொல்லை மட்டும் மெல்லிய கோட்டால் வெட்டியிருந்தாள். அருகில் வேறு சொல் எதுவும் எழுதப்படவில்லை. அவள் எதை நினைத்து அதை வெட்டினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

இந்த அமைப்பில் இன்னொரு கூறு இருக்கிறது. அதை யாரும் போதிய அளவு கவனிப்பதில்லை. இலங்கையில் சமயமும் கட்டாயப் பாடம். ஆனால் பௌத்தப் பிள்ளை பௌத்தத்தையும், சைவப் பிள்ளை சைவநெறியையும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாத்தையும், கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கத்தையும் தனித்தனி வகுப்புகளில் தனித்தனி நூல்களில் படிக்கின்றனர். பிறருடைய சமயம் என்ன சொல்கிறது, அவர்கள் எதை வணங்குகின்றனர், ஏன் வணங்குகின்றனர் என்பதைச் சொல்லும் பாடம் ஒன்றும் இல்லை. சமயங்களைப் பற்றி எல்லாப் பிள்ளைகளும் பொதுவாகப் படிக்கும் இடம் ஏறக்குறைய வரலாற்று நூல் மட்டுமே. எனவே அம்பாந்தோட்டையில் படிக்கும் ஒரு சிங்களப் பிள்ளை சைவத்தைப் பற்றிப் பாடசாலையில் அறிந்துகொள்வது ஏறக்குறைய முழுவதும் சோழர் படையெடுப்பு வழியாகவே. பருத்தித்துறையில் படிக்கும் பிள்ளை பௌத்தத்தை அறிந்துகொள்வது மன்னர்கள் கட்டிய தூபிகளின் பட்டியல் வழியாகவே. சைவம் என்றால் இடிப்பது என்றும், பௌத்தம் என்றால் செங்கல் என்றும் இரு பிள்ளைகளும் வளர்வதை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது, அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைத் துட்டகைமுனு போரில் வென்று கொன்ற கதைக்கு வருகிறேன். இந்த நூல்களின் உயிர்நாடி அந்தக் கதையில்தான் இருக்கிறது. சற்று நின்று பார்ப்பது நல்லது.

இந்தக் கதையைச் சொல்லும் மகாவம்சம் என்ற வரலாற்றுக் காவியம் 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ மகாநாம தேரர் என்ற பிக்குவால் பாளி மொழியில் இயற்றப்பட்டது. அதாவது, அது சொல்லும் அந்தப் போர் நடந்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதப்பட்டது. நல்லோரின் மனமகிழ்வுக்காகவும் பக்தியுணர்வுக்காகவும் இயற்றப்பட்டது என்று ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் நூலே தன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. மகாநாமர் எழுதிய 37 அத்தியாயங்களில் 22 முதல் 32 வரையான 11 அத்தியாயங்கள் துட்டகைமுனு ஒருவனுக்கே உரியவை. அதற்கு முந்திய பாளி நூலான தீபவம்சமோ அவனைச் சில செய்யுட்களில் முடித்துவிடுகிறது. அங்கே மதப்போர் இல்லை; பத்து வீரரைப் பற்றி ஒரு குறிப்பு உண்டே தவிர அவர்களின் கதைகள் இல்லை. இரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு மன்னன் காவியத் தலைவனாக வளர்ந்திருக்கிறான். வரலாற்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஏன் வளர்ந்தான், யாருக்காக வளர்க்கப்பட்டான்? பாடநூல் அந்தக் கேள்விக்கு இடம் வைப்பதில்லை. காவியத்தின் சாரத்தை எடுத்து நிகழ்ச்சியாகத் தந்துவிடுகிறது.

ஆனால் நான் வலியுறுத்த விரும்புவது வேறு. மகாவம்சம், அதன் பெயரால் இன்று பேசுவோரைக் காட்டிலும் விரிந்த மனம் கொண்டது. எல்லாளன் சோழ நாட்டிலிருந்து வந்தவன் என்றும், 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், வழக்குகளில் நண்பர், பகைவர் என்று பாராமல் நடுநிலையோடு நீதி வழங்கினான் என்றும் அது சொல்கிறது. அவன் படுக்கையின் தலைமாட்டில் தொங்கிய ஆராய்ச்சி மணியையும், தேர்க்காலில் கன்று மாண்டதற்காகத் தன் மகனையே அவன் தண்டித்ததையும் அது விரித்துரைக்கிறது. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையை அறிந்த நமக்கு அந்த இடம் திடுக்கிட வைக்கும். ஒருநாள் பிக்குகளை அழைக்கச் சேதிய மலைக்குச் சென்றபோது அவன் தேரின் நுகத்தடி ஒரு தூபியில் இடித்துச் சேதம் உண்டாயிற்று. அவன் தேரிலிருந்து இறங்கி, அதே சக்கரத்தால் தன் தலையைக் கொய்யும்படி கேட்டான் என்றும், உதிர்ந்த 15 கற்களை மீண்டும் பதிக்க 15,000 காசுகள் செலவிட்டான் என்றும் கூறுகிறது. அவன் தன் பழைய சமயத்தைக் கைவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. துட்டகைமுனு அவனைக் கொன்ற பின் அவனுக்கு நினைவிடம் எழுப்பி வழிபாடு செய்வித்தான் என்றும், தன் காலத்திலும் இலங்கை மன்னர்கள் அவ்விடத்தை நெருங்கும்போது வாத்தியங்களை நிறுத்தினர் என்றும் அதே மகாநாமர் எழுதுகிறார்.

துட்டகைமுனுவின் பத்துப் பெருவீரருள் முதலாமவனான நந்திமித்திரன், எல்லாளனின் படைத்தலைவன் ஒருவனுடைய சகோதரியின் மகன் என்று மகாவம்சமே சொல்கிறது. மாமன் ஒரு பக்கம், மருமகன் மறு பக்கம். இரண்டு இனங்கள் அணிவகுத்து நின்ற போர் என்று இதைப் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தியைக் காட்டினாலே போதும், அது நிமிர்ந்து உட்காரும். துட்டகைமுனு தன் உடன்பிறந்த தம்பியான திஸ்ஸனோடு செய்த போரில் பல்லாயிரம் பேர் மடிந்தனர் என்பதும் அந்நூலில்தான் இருக்கிறது. அங்கே மதமும் இல்லை, மொழியும் இல்லை, அரியணைதான் இருந்தது.

அந்நூலில் கசப்பான இடமும் உண்டு. போரில் மாண்டோரை நினைத்து வருந்திய மன்னனிடம் எட்டு அரகத்துகள் (முற்றும் பற்றறுத்த பிக்குகள்) வந்து, மாண்டோருள் ஒன்றரை மனிதரே கணக்கில் வருவர், மற்றையோர் தவறான நம்பிக்கை கொண்டோர், விலங்குகளுக்கு ஒப்பானோர் என்று ஆறுதல் கூறியதாக வரும் பகுதி அது. கொல்லாமையை முதல் ஒழுக்கமாகக் கொண்ட சமயத்தின் பெயரால் இப்படி ஒரு கூற்று எழுதப்பட்டது ஏன் என்பதைப் பற்றிச் சிங்கள அறிஞர்களும் பிக்குகளுமே நீண்ட காலம் விவாதித்து வந்திருக்கின்றனர். இதை மேல்வகுப்பு மாணவர்கள் ஆசிரியரின் துணையோடு வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறைத்தால், பிறகு அவர்கள் அதை மேடைப் பேச்சிலோ முகநூலிலோ கோபத்தோடு எதிர்கொள்வார்கள்.

கஜபாகு மன்னன் கதை இன்னும் எளிமையாக இதே பாடத்தைக் கற்பிக்கும். அவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். மகாவம்சம் அவன் கட்டிய விகாரைகளையும் வெட்டிய குளத்தையும் போன்ற செய்திகளோடு நின்றுவிடுகிறது. சோழ நாட்டின் மீது அவன் படையெடுத்ததாக ஒரு சொல்லும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த சிங்கள நூல்களில்தான், சோழன் சிறைபிடித்துச் சென்ற 12,000 பேரை மீட்டு, பதிலுக்கு மேலும் 12,000 பேரைக் கொண்டுவந்தான் என்ற கதை வருகிறது. இடையில் சோழர் ஆட்சியும், 13ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த கலிங்க மாகன் செய்த அழிவும் நடந்துவிட்டன; அந்தக் காயத்தின் நினைவு பழைய மன்னன் மேல் ஏற்றப்பட்டது என்று கொள்வது பொருத்தம். நம் சிலப்பதிகாரமோ அதே கயவாகுவைச் சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கடவுள் விழாவில் வந்து நின்று வரம் வேண்டும் விருந்தினனாகக் காட்டுகிறது. சிங்கள மக்கள் இன்றும் பத்தினித் தெய்யோ என்று கண்ணகியை வணங்குகின்றனர். கிழக்கில் தமிழர் கண்ணகியம்மன் சடங்கு செய்கின்றனர். ஒரே மன்னனைப் பற்றி மூன்று வேறு நினைவுகள். இம்மூன்றையும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிட்டு, "இவை எப்போது எழுதப்பட்டவை? ஏன் வேறுபடுகின்றன?" என்று கேட்டால் அதுவே ஒரு முழுமையான வரலாற்றுப் பாடம்.

இந்தக் கோடுகள் எப்போது இவ்வளவு தடித்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஜோர்ஜ் டேர்னர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1837இல் மகாவம்சத்தை மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகே அது ஐரோப்பியக் கண்ணில் "இலங்கையின் வரலாறு" ஆயிற்று. அதே நூற்றாண்டில் ஆரியம், திராவிடம் என்ற மொழிக்குடும்பப் பாகுபாடு இனப் பாகுபாடாகத் திரிந்தது. குடிமதிப்புக் கணக்கெடுப்பு ஒவ்வொருவரையும் ஒரு பெட்டிக்குள் வைத்தது. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம், கண்டி மாகாணங்கள் மீது "மலபார்" (அன்று தமிழரையும் தென்னிந்தியரையும் குறித்த சொல்) இனத்தாருக்கு இருந்த ஆட்சியுரிமை ஒழிந்தது என்று எழுதியதையும் இங்கே நினைக்கலாம். பழங்காலத்தில் அடையாளமே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்த்தன 1979இல், சிங்களவர் என்ற அடையாளம் காலந்தோறும் பொருள் மாறி வந்தது என்று வாதிட்டார், பேராசிரியர் கே.என்.ஓ. தர்மதாச அதைக் கடுமையாக மறுத்தார். இருவருமே மதிக்கத்தக்க அறிஞர்கள். இப்படியொரு விவாதம் சிங்கள அறிவுலகிலேயே நடந்தது என்பதைக்கூடப் பாடசாலைப் பிள்ளை அறிவதில்லை என்பதே என் ஆதங்கம்.

இனி, எனக்கு மிக வேண்டிய பகுதி: தமிழ்ப் பௌத்தர்.

அநுராதபுரத்தில் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்த ஒரு பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் இல்லறத்தார் கூடும் ஒரு மண்டபத்தைத் தமிழன் ஒருவன் அமைத்ததை அது கூறுகிறது. இன்னின்னாருக்கு உரிய இருக்கை என்று பெயர்களும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன, அவர்களுள் ஒருவன் கலத்தலைவன். படையெடுத்து வந்தவர்களாக அல்லாமல், நகரில் மதிப்போடு வாழ்ந்த இல்லறத்தாராக, வணிகராகத் தமிழர் அங்கே கல்லில் இருக்கின்றனர். திருகோணமலைக்கு அருகே பெரியகுளத்தில் உள்ள வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றிருந்தது. அங்கே பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் அளித்த கொடைகள் தமிழ்க் கல்வெட்டுகளாகவே இருக்கின்றன. விகாரைகளைக் கொள்ளையிட்டவர்கள் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சி குற்றஞ்சாட்டும் அதே சோழரின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி அது. கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்ததையும் சேர்த்துப் பாருங்கள். சோழர் படை அநுராதபுரத்தில் செய்த அழிவு உண்மை. சோழர் ஆட்சியில் பௌத்தப் பள்ளிகள் பேணப்பட்டதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் இரண்டும் விளங்காது.

சோழரை 1070இல் வெளியேற்றிய முதலாம் விஜயபாகு பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல்லுக்குக் கோயில் எடுத்தான். அவன் காலத்துக்குப் பின் அந்தக் கோயிலைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் வேளைக்காரர் என்னும் தென்னிந்தியக் கூலிப்படையினர். அவர்கள் வெட்டுவித்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது; இன்றும் பொலன்னறுவையில் அதைப் பார்க்கலாம். சிங்கள பௌத்த அரசுரிமையின் அடையாளம் என்று இன்று கருதப்படும் தந்ததாதுவைக் காப்பதாகத் தமிழில் உறுதி கூறிய கல் அது. அந்தக் கல்லின் முன் நின்ற ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல் வராமல் போயிருக்கிறது. பொலன்னறுவையைச் சுற்றிப் பார்க்க வரும் பாடசாலைப் பேருந்துகள் அதற்கு மிக அருகிலேயே நிற்கின்றன. ஆனால் அங்கே நின்று வாசித்துக் காட்டும் ஆசிரியர்கள் அரிது.

பாடநூலில் இந்தச் செய்திகளுள் சில ஆங்காங்கே வராமல் இல்லை. ஆனால் கதையின் போக்கை மாற்றும் இடத்தில் அவை வைக்கப்படுவதில்லை. இதன் விளைவு இன்று நம் கண்முன் நடக்கிறது. யாழ்ப்பாணத்தின் கந்தரோடையிலோ முல்லைத்தீவின் குருந்தூர்மலையிலோ ஒரு பௌத்த எச்சம் இருக்கிறது என்றால், "பௌத்தம் இருந்தால் அது சிங்களவர் நிலம்" என்று ஒரு பக்கத்தில் முழங்குகின்றனர். அதற்கு அஞ்சி, "இங்கே பௌத்தம் இருக்கவே இல்லை" என்று மறு பக்கத்தில் மறுக்கின்றனர். இரு தரப்பும் ஒரே பாடநூலைப் படித்தவர்கள். பௌத்தர் என்றால் சிங்களவர், சைவர் என்றால் தமிழர் என்ற சமன்பாட்டை இருவருமே ஏற்றுக்கொண்டுவிட்டனர். மணிமேகலையைத் தன் மொழியில் வைத்திருக்கும் ஒரு சமூகம், தன் மண்ணில் கிடைக்கும் புத்தர் சிலையைக் கண்டு அஞ்ச வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு! அந்த அச்சத்துக்கு அரசின் நிலக் கையகப்படுத்தலும் இராணுவமும் காரணமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. அது உண்மையான அச்சம். ஆனால் அந்த அச்சத்துக்குப் பதிலாக நம் முன்னோரில் ஒரு பகுதியினரையே நாம் கைவிடுகிறோம்.

நம் தரப்பைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். பாடநூலை நம்பாத தமிழ் வீடுகளில் மாற்று வரலாறு ஒன்று வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. அதில் எல்லாளன் தமிழ்த் தேசிய வீரன். யாழ்ப்பாண இராச்சியம் தூய சைவத் தமிழ் அரசு. இலங்கை முழுவதும் முதலில் நம்முடையது. இது பாடநூலின் கண்ணாடிப் பிம்பம்தான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் ஓதப்படும் கட்டியத்தில் ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகுவின் பெயர் வருகிறது; சங்கபோதி என்பது சிங்கள பௌத்த மன்னர்கள் தாங்கிய பட்டம். கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் யாழ்ப்பாணத்தை வென்று, பின்னர் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையை ஆண்ட செண்பகப் பெருமாளான சப்புமல் குமாரயாவின் நினைவு, தமிழர் தம் தலைமைக் கோயிலாகக் கருதும் இடத்தில் நாள்தோறும் ஒலிக்கிறது. சிங்களப் பிள்ளைகளுக்கு வேளைக்காரர் கல்வெட்டைக் காட்ட வேண்டும் என்று கேட்கும் நாம், நம் பிள்ளைகளுக்கு இதையும் காட்ட வேண்டும்.

கண்டியைப் பற்றி ஒரு செய்தி மட்டும். இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் முழுத் துறவு தீட்சையைச் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து 1753இல் மீட்டது, வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சியும் மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆதரவும் சேர்ந்துதான். அந்த மன்னன் மதுரை நாயக்கர் வழியினன். சைவப் பின்னணியில் வந்தவன். இன்றைய சியாம் நிக்காயம் என்னும் பிக்குகள் பிரிவின் வேர் அங்கே இருக்கிறது. அந்த வம்சத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். "அந்நியர்", "நம்மவர்" என்ற சொற்களை இந்த வம்சத்தின் மீது பொருத்திப் பார்த்தால் அவை எவ்வளவு விரைவில் தளர்ந்துவிடுகின்றன என்பது தெரியும்.

முஸ்லிம்களின் நிலை நம்முடையதைக் காட்டிலும் மெலிந்தது. அவர்கள் நூலில் வணிகராக வருகின்றனர், பிறகு மறைகின்றனர். போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 17ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கரையில் குடியமர்த்தியது இந்நாட்டின் அழகான செய்திகளுள் ஒன்று. மலையகத் தமிழர் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் ஓர் உறுப்பாகவே பேசப்படுகின்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியதை, தேசம் என்றால் யார் என்ற கேள்வியின் நடுவில் வைத்துக் கற்பிக்க வேண்டும்.

தரம் 11இல் வரும் தேசிய மறுமலர்ச்சிப் பாடத்தையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அதைப் பலர் நூலின் சமநிலைக்குச் சான்றாகக் காட்டுவர். பௌத்த பிக்குவும் கிறிஸ்தவப் போதகர்களும் மேடையில் மோதிய 1873ஆம் ஆண்டுப் பாணந்துறை வாதமும் அநகாரிக தர்மபாலவும் பௌத்த மறுமலர்ச்சிக்கு. ஆறுமுக நாவலர் இந்து மறுமலர்ச்சிக்கு. சித்தி லெப்பை இஸ்லாமிய மறுமலர்ச்சிக்கு. மூவரும் இடம்பெறுவது நன்று. ஆனால் தேசிய விழிப்பு என்பது மத விழிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததுதான் என்ற எண்ணத்தை அந்த அடுக்கு உறுதிப்படுத்துகிறது. மூவரும் கிறிஸ்தவ மிஷனரிகளிடமிருந்தே அச்சகம், பாடசாலை, சொற்பொழிவு என்னும் கருவிகளைக் கற்று, அவற்றைக் கொண்டே மிஷனரிகளை எதிர்த்தனர் என்ற பொதுத்தன்மை பேசப்படுவதில்லை. நாவலர் மிஷனரிப் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பீட்டர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர்.

இது திட்டமிட்ட மறைப்பா என்று கேட்டிருந்தீர்கள். ஓர் அறையில் அமர்ந்து சிலர் தீட்டிய சதி என்று நான் நம்பவில்லை. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதைத் தொடர்ந்தது. அந்தச் சட்டகத்துக்குள் வளர்ந்த ஆசிரியர் குழு எழுதும்போது, பௌத்தத்தின் வரலாறே நாட்டின் வரலாறு என்பது அவர்களுக்கு ஒரு கருத்தாகவே தோன்றுவதில்லை. இயல்பான நிலையாகத் தோன்றுகிறது. அதனால்தான் அதைத் திருத்துவது கடினம். இதைச் சிங்களச் சமூகத்துக்குள்ளிருந்தே சுட்டிக்காட்டியவர்கள் உண்டு. 1980களின் தொடக்கத்திலேயே ரெஜி சிறிவர்தனவும் அவரோடு சேர்ந்தோரும் பாடநூல்களை ஆராய்ந்து, அவை இன உறவுகளைக் கெடுக்கும் விதத்தை எழுதினர். சமூக ஒத்திசைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை ஒன்றைக் கல்வி அமைச்சு 2008இல் வெளியிட்டது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. பரீட்சை வினாத்தாள் பெரும்பாலும் இன்னும் மன்னர் பெயரையும் கட்டிய குளத்தையும் கேட்கிறது. வினாத்தாள் மாறாதவரை எந்த நூலும் மாறாது என்பது என் அனுபவம். ஒரு மூலச்சான்றைக் கொடுத்து, "இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், இதில் சொல்லப்படாதது எது?" என்று பத்துப் புள்ளிக்கு ஒரு வினா வந்துவிட்டால், அடுத்த ஆண்டே நாடு முழுவதும் ஆசிரியர்கள் மூலச்சான்றுகளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் மகளுக்கு என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். பரீட்சையில் பாடநூல் எதிர்பார்க்கும் விடையை அவள் எழுதட்டும். புள்ளியைப் பலிகொடுக்கும்படி எந்தப் பிள்ளையிடமும் கேட்க நமக்கு உரிமை இல்லை. நூல் பொய் சொல்கிறது என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் வீட்டில் ஒரு வரலாறு, பாடசாலையில் ஒரு வரலாறு என்று இரண்டு கதைகளுக்கு நடுவே அவள் மாட்டிக்கொள்வாள், எதையும் ஆராயாமல் ஒன்றை நம்பத் தொடங்குவாள். ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் "இதற்குச் சான்று என்ன? அது எப்போது எழுதப்பட்டது?" என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மகாவம்சத்தின் 21ஆம் அத்தியாயத்தில் எல்லாளனைப் பற்றிய பகுதியை மொழிபெயர்ப்பில் அவளோடு சேர்ந்து வாசியுங்கள், சில பக்கங்கள்தான்.

விடுமுறையில் திருகோணமலைப் பக்கம் போக முடிந்தால், கோணேசர் கோயிலோடு திரும்பிவிடாமல் வெல்கம் விகாரைக்கும் கூட்டிச் செல்லுங்கள். நிற்கும் புத்தர் சிலையையும் பழைய செங்கற் சுவரையும் பார்த்த பிறகு கல்வெட்டுகளைக் காட்டுங்கள். சோழர் காலத்து எழுத்தாகையால் முழுதும் வாசிக்க வராது. ஆனால் சில எழுத்துகளை அவளால் அடையாளம் காண முடியும். என்னோடு வந்த மாணவர்கள் முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் "ர"வும் "ப"வும்தான்.